கிரெச் விழாக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மார்ச் முதல் ஆகஸ்ட் வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துக் கிரெச் (மழலையர் பள்ளி) எதிலாவது ஏப்ரல் மாதத்தில் நுழைந்து சுவரைப் பாருங்கள். ஆரஞ்சு நிற மேப்பிள் இலை, கையில் கொட்டையோடு ஒரு அணில், பல்லைக் காட்டும் பூசணிக்காய். ஜூன் வந்தால் பஞ்சு ஒட்டிய பனிமனிதன். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வளரும் நான்கு வயதுப் பிள்ளை பனிமனிதனை எங்கே பார்த்தது? இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வண்ணம் தீட்டும் தாள்கள் பெரும்பாலும் பூமியின் வட பாதியில் உள்ள நாட்டுப் பள்ளிகளுக்காகச் செய்யப்பட்டவை. நாம் அப்படியே அச்சடித்து ஒட்டிவிடுகிறோம். முதல் தவறு இதுதான். விழாவை நம் பிள்ளைகளின் வீட்டிலிருந்து எடுக்காமல் யாருடைய நாட்காட்டியிலிருந்தோ எடுக்கிறோம். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

நமக்கு மார்ச் முதல் மே வரை இலையுதிர் காலம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். வடக்கே ஈஸ்டர் வசந்தத்தில் வருவதால் கோழிக்குஞ்சும் பூவும் அதோடு ஒட்டிக்கொண்டன. இங்கே அது வெயில் தணிகிற நேரம். கிறிஸ்துமஸ் என்றால் நமக்குக் கடற்கரையும் லிச்சிப் பழமும். இதைச் சரிக்கட்டுகிறோம் என்று சிலர் 'ஜூலையில் கிறிஸ்துமஸ்' நடத்துகிறார்கள். டிராகன்ஸ்பர்க் மலையடிவார ஓட்டல்களுக்கு அது நல்ல வியாபாரம், சரி. மூன்று வயதுப் பிள்ளைக்கு எதற்கு? கிறிஸ்துமஸ் தாத்தா வருடத்துக்கு இரண்டு தடவை வருவாரா என்று அது கேட்கும். வீட்டில் பதில் சொல்லி மாளாது.

அப்படியானால் சுவரில் என்ன ஒட்டுவது? வெளியே போய்ப் பாருங்கள். மார்ச்சிலும் ஏப்ரலிலும் சந்தையில் மடும்பிக் கிழங்கு (சேப்பங்கிழங்கு) குவிந்திருக்கும். மேயில் நார்ட்ஜி என்ற கமலா ஆரஞ்சு வந்துவிடும். பிள்ளை தானே உரித்து, சுளை எண்ணி, தோலை முகர்ந்து பார்க்கலாம். வடகரையில் கரும்பு ஆலைகள் ஏப்ரல் வாக்கில் ஓடத் தொடங்கும். வெட்டுவதற்கு முன் தோட்டத்தை எரித்தால் கொடியில் காயும் துணியெல்லாம் கருஞ்சாம்பல். ஜூன், ஜூலையில் சார்டின் மீன் கூட்டம் கரையோரம் வரும். வலை இழுக்கும் இடத்துக்கு ஊரே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும். எங்கள் கரைக்கு அதைவிடப் பெரிய குளிர்காலத் திருவிழா எது? வெள்ளிக் காகிதத்தில் ஆளுக்கொரு மீன் வெட்டி நீலத் துணியில் ஒட்டச் சொன்னால் வகுப்பே கடலாகிவிடும். லெனேசியாவில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஜோஹானஸ்பர்க் பக்கம் காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும், வாயைத் திறந்தால் புகை வரும். அவர்கள் சுவரில் குளிர் இருப்பது நியாயம்.

எல்லாவற்றையும் கொண்டாடுவது

இந்த ஆறு மாதத்தில் வரும் நாட்களை எழுதிப் பாருங்கள். மார்ச் 21 மனித உரிமை நாள். புனித வெள்ளி, ஈஸ்டர். ஏப்ரல் 14-ஐ ஒட்டித் தமிழ்ப் புத்தாண்டு. ஏப்ரல் 27 சுதந்திர நாள். மே 1. அன்னையர் நாள், தந்தையர் நாள். ஜூன் 16 இளைஞர் நாள். ஜூலை 18 மண்டேலா நாள். ஆடி மாதம். ஆகஸ்ட் 9 மகளிர் நாள். இஸ்லாமிய நாட்காட்டி ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால், ரம்ஜான் பெருநாளும் பக்ரீத்தும் சில ஆண்டுகள் இந்தக் காலத்துக்குள் விழும், சில ஆண்டுகள் விழாது. அதனால் போன வருடத் திட்டத்தைத் தேதி மட்டும் மாற்றி எடுத்துக்கொள்ளவும் முடியாது.

எதையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எல்லாவற்றையும் பட்டியலில் போட்டால், ஒவ்வொரு விழாவும் ஒரு தாளும் ஒரு கப் கேக்குமாகச் சுருங்கிவிடும். பிள்ளைக்கு ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. நான்கைந்து போதும் என்பது என் கருத்து. எந்த நான்கைந்து என்பதை உங்கள் வகுப்பில் இருக்கும் குடும்பங்கள் சொல்லட்டும். சேர்க்கைப் படிவத்தில் மூன்று கேள்வி சேர்த்துவிடுங்கள்: உங்கள் வீட்டில் எந்த நாள் முக்கியம், அன்றைக்கு என்ன செய்வீர்கள், பிள்ளை எதைச் சாப்பிடக் கூடாது.

குடும்பப் பெயரை வைத்து மதத்தை முடிவு செய்வதை இங்கே யாரும் தவறாகவே நினைப்பதில்லை. கோவெண்டர், நாயுடு, பிள்ளை என்று பார்த்ததும் விபூதி, பொட்டு என்று டீச்சர் தயாராகிவிடுவார். நம் ஊரில் எத்தனையோ தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பெந்தெகொஸ்தே சபைகளில் இருக்கின்றன. பொட்டு வைத்த பிள்ளையைச் சாயங்காலம் கூப்பிட வரும் அம்மாவின் முகம் மாறிவிட்டால், மறுநாள் நீங்கள் செய்யும் சமாதானம் எடுபடாது.

புனித வெள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று காலை ஒரு பிள்ளை சர்ச்சில் இருக்கும். இன்னொரு பிள்ளை ஆயாவின் (பாட்டியின்) கையைப் பிடித்துக்கொண்டு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவிலில் நேர்த்திக்கடன் செலுத்தும் வரிசையில் நிற்கும். இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்களும் உண்டு. மூன்றாவது பிள்ளை வீட்டில் கார்ட்டூன் பார்க்கும். இந்த மூவரையும் உட்கார வைத்து, "ஈஸ்டருக்கு எல்லோரும் சர்ச்சுக்குப் போனோம், முட்டை தேடினோம்" என்று கதை சொன்னால் இரண்டு பேருக்கு அது தங்கள் கதை இல்லை. திங்கள் குடும்ப நாள் விடுமுறை. அது முடிந்து கிரெச் திறந்ததும், "நீ எங்கே போனாய், யாரோடு போனாய், என்ன சத்தம் கேட்டது?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை தவில் அடித்துக் காட்டும், இன்னொன்று அல்லேலூயா பாடும். அதுவே விழா. அலங்காரச் செலவும் இல்லை.

வகுப்பறையில் பூசை

ஆடி மாதம் வந்தால் வீட்டுக்கு வீடு, கோவிலுக்குக் கோவில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். 'போரிட்ஜ் பிரேயர்' என்று சொன்னால் தமிழ் பேசத் தெரியாத தமிழ்ப் பிள்ளைக்கும் புரியும். மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துப் பெரிய பானையில் காய்ச்சி, வேப்பிலை கட்டி, எல்லோருக்கும் ஊற்றுவது. கிரெச்சுக்கு இதைவிடப் பொருத்தமான விழா கிடைக்காது: குளிர்காலம், சூடான கஞ்சி, பகிர்ந்து குடிப்பது. ஆனால் இங்கேதான் எல்லை தாண்டிவிடுகிறோம். படம் வைத்து, சூடம் ஏற்றி, எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தித் தீபாராதனை எடுக்க வைப்பது தவறு. அது விழாவைப் பற்றிச் சொல்லித் தருவதைத் தாண்டி வழிபாட்டையே நடத்துவது. ஈஸ்டரில் எல்லோரையும் ஜெபம் சொல்ல வைத்தாலும் இதே தவறுதான்.

அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. அரசு நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும் மத வழிபாடு நடத்தலாம். ஆனால் எல்லோருக்கும் நியாயமான முறையில் நடத்த வேண்டும், கலந்துகொள்வது அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் மழலையர் கல்வி, சமூக மேம்பாட்டுத் துறையிடமிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறியது. மானியம் வாங்கும் கிரெச்கள் இந்தப் பிரிவைச் சுவரில் ஒட்டிவைத்தால்கூடத் தப்பில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு விருப்பம் என்று தனியாக என்ன இருக்கிறது, வரிசையில் நில் என்றால் நிற்கும். அதனால்தான் பெரியவர்கள் பார்த்து நடக்க வேண்டியிருக்கிறது.

ஆயா ஒருவரை அழைத்து, அவர் எப்படி மாவு கரைப்பார், சின்ன வயதில் யார் வீட்டுப் பானை பெரியது என்று பேசச் சொல்லுங்கள். பிள்ளைகள் மாவைத் தொட்டுப் பார்க்கட்டும், புளித்த வாசனைக்கு மூக்கைப் பொத்தட்டும். ஜூலு வீட்டுப் பிள்ளை தன் பாட்டியும் மக்காச்சோள மாவில் புளித்த கஞ்சி காய்ச்சுவாள் என்று சொல்லும். இந்த ஒற்றுமையை எந்தச் சார்ட் பேப்பரும் சொல்லித் தராது.

சூடத்தைப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. வெள்ளையாக, சதுரமாக, பளபளப்பான தாளில் சுற்றி வரும் அந்த வில்லை சின்னப் பிள்ளையின் கண்ணுக்கு மிட்டாய். கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். ஆசிரியர் மேசையிலோ பூசைத் தட்டிலோ அதை விட்டு வைக்கக் கூடாது. விளக்கு வேண்டுமென்றால் பேட்டரி விளக்கு போதும். குளிருக்குப் பாரஃபின் ஹீட்டர் வைத்திருக்கும் அறையில் நைலான் பட்டுப்பாவாடையோடு பிள்ளைகளைச் சுற்ற விடுவதும் கூடாது.

தின்பண்டம்

ஈஸ்டர் வாரத்தில் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் மார்ஷ்மெல்லோ முட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். ஜெலட்டின் என்று இருக்கும். மாட்டின் தோலிலும் எலும்பிலும் எடுக்கிற ஜெலட்டின் உண்டு, பன்றியிலிருந்து எடுப்பதும் உண்டு. மாட்டிறைச்சி தொடாத இந்து வீடு, ஹலால் முத்திரை பார்க்கும் முஸ்லிம் வீடு, முழுச் சைவ வீடு என மூவருக்கும் அந்த ஒரு முட்டையில் சிக்கல் இருக்கிறது. பெரியவர்கள் பொருட்படுத்தாமல் சாப்பிடுகிறார்களா என்பது அவர்கள் பாடு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நாம் கொடுக்கும்போது அது நம் பொறுப்பு. நார்ட்ஜிச் சுளையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, கொட்டையை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

தொண்டையில் அடைப்பது அதைவிட அவசரமான விஷயம். முழு வேர்க்கடலை, பாப்கார்ன், கடினமான மிட்டாய், முழுத் திராட்சை எதுவும் இந்த வயதுக்கு ஆகாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். காற்றுப் போன பலூன் துண்டும் இதே பட்டியலில் சேரும். விழா முடிந்ததும் முதலில் பொறுக்க வேண்டியது அதைத்தான்.

குளிர்காலத்தைத் தாண்டியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆகஸ்டிலேயே அதற்கான ஏற்பாடு தொடங்கிவிடும். செப்டம்பர் 24 மரபு நாள். ஊரெல்லாம் பிராய் போட்டு இறைச்சி சுடும். அது சரியாகப் புரட்டாசிக்குள் விழுகிறது. மாதம் முழுக்கக் கவிச்சி தொடாத வீட்டுப் பிள்ளையின் தட்டில் சுட்ட சாசேஜைப் போட்டுவிட்டு மரபைப் பற்றிப் பாடம் நடத்தாதீர்கள்.

காசும் கேமராவும்

"வெள்ளிக்கிழமை பாரம்பரிய உடை, கூடவே ஐம்பது ராண்ட்" என்று வியாழக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் வரும் செய்தி எத்தனை வீடுகளில் வயிற்றைக் கலக்குகிறது என்று கமிட்டியில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. அன்று பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளும் குடும்பம் வாயைத் திறந்து காரணம் சொல்லாது. உடைகளைக் கிரெச்சிலேயே ஒரு பெட்டியில் சேர்த்து வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளச் செய்யலாம். நிதி திரட்ட வேண்டுமென்றால் அதை விழாவிலிருந்து பிரித்துவிடுங்கள்.

அன்னையர் நாள் அட்டையில் 'அம்மா' என்று அச்சடித்துக் கொடுப்பதற்கு முன் வகுப்பை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஆயா வளர்க்கும் பிள்ளைகள் இந்த நாட்டில் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டாலே போதும்.

ஜூன் 16-க்கு 1976-இல் சொவெட்டோவில் மாணவர்கள் நடத்திய போராட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். அதில் சுடப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனைத் தூக்கிக்கொண்டு ஓடும் புகைப்படத்தை நான்கு வயதுக்குக் காட்டத் தேவையில்லை. "பெரிய பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த மொழியில் படிக்க வேண்டும் என்று கேட்டார்கள், பெரியவர்கள் அவர்களுக்குக் கெடுதல் செய்தார்கள்" என்ற அளவு போதும். அண்ணனின் பள்ளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னால் மிச்சத்தை அவர்களே கேட்பார்கள்.

மண்டேலா நாளில் வேறு விதமான தொல்லை. மண்டேலா 67 ஆண்டுகள் பொதுவாழ்வில் உழைத்ததால் அன்று 67 நிமிடம் பிறருக்காகச் செலவிடுவது வழக்கம். அந்த நிமிடங்களில் பாதி கேமரா முன்னால் போய்விடுகிறது. டீ-சர்ட் போட்ட விருந்தினர்கள் போர்வையைக் கொடுப்பது போல நிற்க, பிள்ளை வாங்குவது போல நிற்க, இன்னொரு படம், இன்னொரு படம். வாங்கும் கையாக மட்டும் நம் பிள்ளைகளைக் காட்டுவது சரியில்லை. ஒரு பானை சூப்புக்குக் காய்கறி கழுவ நான்கு வயதுப் பிள்ளையால் முடியும். பக்கத்து முதியோர் இல்லத்துக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியும்.

படங்களைப் பற்றிச் சட்டமும் இருக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவை 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டும். பிள்ளையின் படமும் அதன்படி தனிநபர் தகவல்தான், பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். பெற்றோர் குழுவில் பகிர்வதற்கு ஒரு சம்மதம், ஃபேஸ்புக்கில் போடுவதற்கு வேறொரு சம்மதம் என்று படிவத்திலேயே பிரித்துக் கேளுங்கள். நன்கொடை கொடுக்கும் நிறுவனம் எடுக்கும் படத்துக்கும் இது பொருந்தும்.

கடைசியாக, நிகழ்ச்சி நேரம். ஜூனில் டர்பனில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும். ஆறு மணிக்குக் கான்சர்ட் என்று அறிவித்தால், இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறி வீட்டுக்குப் போக வேண்டிய அம்மாக்கள் பாதியில் எழுந்துவிடுவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வையுங்கள், முக்கால் மணி நேரத்தில் முடியுங்கள். சிறப்பு விருந்தினர் உரையை எடுத்துவிட்டால் நேரம் தாராளமாகப் போதும்.