சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதுமா?

புதியதொன்றை மக்களிடம் கொண்டு சேர்ப்பதில் நாம் செய்யும் தவறுகள் பல. நல்ல விஷயம் தானாகவே பரவிவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த, மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அப்படியும் அந்தத் தண்ணீர் கிராமத்து அடுப்படிக்குப் போய்ச் சேரவில்லை.

1980இல் பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனம் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் இந்தக் கரைசலைச் சொல்லிக் கொடுக்க வீடு வீடாகப் பெண்களை அனுப்பத் தொடங்கியது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். தாயே தன் கையால் கலக்க வேண்டும். பணியாளருக்கு ஊதியம், எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்பதற்காக அல்ல. பிறகு வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதற்கேற்பத்தான். நாமோ பயிற்சிக்கு வந்தவர்களின் கையெழுத்தை எண்ணிவிட்டு வேலை முடிந்தது என்கிறோம்.

சரி, நினைவிருந்தால் போதுமா? அதுவும் போதவில்லை. தெரிந்திருந்தும் பல தாய்மார்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. விசாரித்தால், சொல்லிக் கொடுக்கப் போனவர்களிலேயே பலர் தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கரைசலைத் தொடவே இல்லை! தனக்கே நம்பிக்கை இல்லாததை ஒருவர் சொன்னால் கேட்பவருக்குத் தெரியாமல் போகுமா? என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அந்தப் பணியாளர்களை டாக்காவுக்கு வரவழைத்து, கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று புரியவைத்தார்கள். அப்புறம் அவர்களே தாய்மார்களுக்கு முன்னால் கரைசலைக் குடித்துக் காட்டினார்கள்.

வீட்டு ஆண்களிடம் பேசாமல் விட்டதும் பிழைதான். பின்னர் மசூதியிலும் சந்தையிலும் அவர்களைக் கூட்டிப் பேசினார்கள்.

இன்னொன்று, புதியது எதைச் செய்யாது என்பதை மறைப்பது. உப்புக் கரைசல் வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தாது. உடல் இழந்த நீரைத்தான் ஈடுகட்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பிள்ளைக்கு மறுபடி போகும்போது "இது கேட்கவில்லை" என்று தாய் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுவாள். அவள்மீது குறை சொல்ல முடியாது.

1990க்குள் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு பிராக் பணியாளர்கள் போனார்கள். வயிற்றுப்போக்குக்கு இந்தக் கரைசலை அதிகம் கொடுக்கும் நாடுகளில் வங்கதேசம் இன்று முன்வரிசையில் இருக்கிறது.