கீமோ நாட்களில் மறதியும் மந்தமும்: 21 நாள் குறிப்பேடு முதல் நடைப்பயிற்சி வரை

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும்போது மறதி வருவது உண்மை. பழகியவரின் பெயர் நாக்கு நுனியிலேயே நிற்கும். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து பேசினால் யார் என்ன சொன்னார்கள் என்று பிடிபடாது. பலரும் இதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. 'மனக்கவலைதான், சரியாகிவிடும்' என்று வீட்டில் உள்ளவர்களும் தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளிவிடுவதால், எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்களும் கண்ணில் படாமல் போகின்றன.

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 581 பெண்களும் புற்றுநோய் இல்லாத 364 பெண்களும் இருந்தார்கள். தங்கள் நினைவு, கவனம், சிந்தனை வேகம் பற்றி அவர்களே பதில் எழுதும் கேள்வித்தாள் ஒன்று பயன்பட்டது. கீமோ முடிந்த நேரத்தில், சிகிச்சை பெற்றவர்களில் 45.2 சதவீதம் பேர் கவனிக்கத்தக்க சரிவைச் சொன்னார்கள். மற்றவர்களில் அது 10.4 சதவீதம். கீமோ முடிந்து ஆறு மாதம் ஆனபோது அந்த அளவுகள் 36.5, 13.6. இத்தனை பேருக்கு வருவதை மனப்பிரமை என்று சொல்லக் கூடாது.

அழற்சி எங்கே வருகிறது

'ஏசி' என்று சொல்லப்படும் டாக்ஸோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு சேர்க்கை இந்தப் புற்றுநோய்க்கு மிகவும் வழக்கமானது. 21 நாளுக்கு (சிலருக்கு 14 நாளுக்கு) ஒன்று என நான்கு சுற்று. அதன் பிறகு பலருக்குப் பாக்லிடாக்ஸெல் தொடரும். இவற்றில் சிவப்பு நிற மருந்தான டாக்ஸோரூபிசின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. ஆனாலும் மூளை தடுமாறுகிறது. இதற்கு வலுவான விளக்கங்களில் ஒன்று அழற்சி, அதாவது காயத்துக்கோ கிருமிக்கோ எதிராக உடல் காட்டும் எதிர்வினை. மருந்தால் செல்கள் சேதமாகும்போது, உடலின் எதிர்ப்பு அமைப்பு டி.என்.எஃப்.-ஆல்ஃபா, ஐ.எல்.-6, ஐ.எல்.-1பீட்டா போன்ற சைட்டோகைன்களை (செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதங்களை) இரத்தத்தில் விடுகிறது. இந்தச் செய்தி மூளைக்கும் எட்டி, அங்குள்ள காவல் செல்களான மைக்ரோகிளியாவைத் தூண்டிவிடுகிறது. எலிகளில் இது தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. மனிதர்களிலும் இவற்றின் அளவு கூடியவர்களுக்கு நினைவும் கவனமும் குறைவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அறுவை சிகிச்சை, கட்டி, உறக்கமின்மை ஆகியவையும் அழற்சியைக் கூட்டும். அதனால் சிலருக்குக் கீமோ தொடங்கும் முன்பே மந்தம் இருக்கும்.

இதைப் படித்துவிட்டுத் தனியார் ஆய்வகத்தில் சி.ஆர்.பி. (இரத்தத்தில் அழற்சியை அளக்கும்) பரிசோதனை எடுத்துப் பார்க்க வேண்டாம். சளி, பல் ஈறு வீக்கம், ஊசி போட்ட இடத்துப் புண் எதுவானாலும் அந்த எண் ஏறும். அதை வைத்து மறதியின் காரணத்தைச் சொல்ல முடியாது.

21 நாள் குறிப்பேடு

எல்லாவற்றையும் விட அதிகம் பயன்படுவது இதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கீமோ ஏறிய நாளை 1 என்று எண்ணி, நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள். தினமும் ஒரே நேரத்தில், இரவுச் சாப்பாட்டுக்கு முன் எழுதினால் நல்லது. எழுத வேண்டியவை: சுற்று எண்ணும் நாள் எண்ணும், தூங்கிய மணி நேரம், உடல் வெப்பம், மந்தம் 0 முதல் 10 வரை, சோர்வு 0 முதல் 10 வரை, அன்று எடுத்த எல்லா மாத்திரைகளும் அவற்றின் நேரமும், நடந்த நிமிடங்கள். கடைசியில் அன்றைய தடுமாற்றம் ஒன்றை அப்படியே எழுதுங்கள். 'மறதி அதிகம்' என்று எழுதினால் பயனில்லை. 'காலை மாத்திரை போட்டதை மறந்து திரும்ப எடுக்கப் போனேன்' என்று எழுதினால் மருத்துவருக்கு அதில் செய்தி இருக்கிறது. கை மரத்துப்போய் எழுத வராவிட்டால் கணவரோ மகளோ எழுதலாம். ஆனால் எண்ணை நோயாளியே சொல்ல வேண்டும்.

இரண்டு சுற்று முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் நான்கு நாளில் மந்தம் உச்சத்துக்குப் போய் இறங்கினால், முதலில் துணை மருந்துகளைச் சந்தேகியுங்கள். வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டு மூன்று இரவு தூங்காதவர் யாராக இருந்தாலும் தடுமாறுவார். அதை மாலையில் எடுக்கிறீர்கள் என்றால், காலை, மதியச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். வாந்தியைத் தடுக்கத் தரும் இன்னொரு மாத்திரையான ஓலான்ஸபின் மறுநாள் வரை தூக்கம் இழுக்கும். பாக்லிடாக்ஸெலுக்கு முன் ஒவ்வாமை வராமல் போடும் ஃபெனிரமின் (அவில்) ஊசியும் அன்று முழுவதும் மந்தமாக்கும். அந்த நாளில் வங்கி வேலை, வண்டி ஓட்டுவது இரண்டும் வேண்டாம். தூக்க மாத்திரை, வலி மருந்தான டிரமடால், நரம்பு வலிக்கான பிரீகாபலின் ஆகியவற்றையும் பட்டியலில் சேருங்கள். இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவையும் நேரத்தையும் மாற்றுவது மருத்துவர் வேலை.

ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் மோசமானால் கவனம் தேவை. வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் நாட்கள் அவை. மந்தம் கிருமித்தொற்றின் முதல் அடையாளமாகக்கூட இருக்கலாம்.

ஒவ்வொரு சுற்றிலும் மந்தம் படிப்படியாகக் கூடி, மாடிப்படி ஏறும்போது மூச்சும் வாங்கினால் ஹீமோகுளோபின் இறங்கியிருக்கலாம். கணக்கே இல்லாமல் எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தால் தைராய்டு, மனச்சோர்வு, அல்லது கீமோவால் மாதவிடாய் நின்று இரவில் உடல் கொதித்து வியர்ப்பது ஆகிய பக்கம் பார்க்க வேண்டும். அந்த வியர்வையால் இரவில் நாலைந்து முறை விழிப்பவருக்குத் தூக்கம் என்பதே இருக்காது.

நோட்டைக் காட்டி மருத்துவரிடம் கேட்க வேண்டிய பரிசோதனைகள்: முழு இரத்த எண்ணிக்கை, சோடியம், சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல் பரிசோதனை, டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), வைட்டமின் பி12. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களில் அளவு எகிறி, அதனாலேயே தலை மந்தமாகும். வாந்தியோடு வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பவர்களுக்குச் சோடியம் இறங்கலாம்.

காத்திருக்கக் கூடாதவை

வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் (38 டிகிரி செல்சியஸ்) தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதலில் அளந்து, மருத்துவமனைக்குத் தகவல் சொன்ன பிறகுதான் பாரசிட்டமால். முன்கூட்டியே போட்டால் காய்ச்சல் மறைந்து, தொற்று உள்ளே வளரும்.

திடீரெனக் குழம்பிப் பேசுவது, ஊர் நாள் தெரியாமல் போவது, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வது, வாய் குழறுவது, இதுவரை இல்லாத கடும் தலைவலி. இவை எதுவும் கீமோ மறதி அல்ல. கீமோ மறதி மெல்ல வரும். ஆளை அடையாளம் தெரியாமல் ஆக்காது. இப்படி நேர்ந்தால் அடுத்த சந்திப்பு நாளுக்குக் காத்திருக்காதீர்கள்.

அழற்சியைக் கூட்டாமல் இருக்க

அழற்சியை அணைக்கும் மாத்திரை என்று எதுவும் இதற்கு இல்லை. ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடுவது ஆபத்து. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது இரத்தம் கசியும், சிறுநீரகமும் பாதிக்கும். அழற்சிக்கு எண்ணெய் ஊற்றுகிறவற்றை விலக்குவதுதான் நம் கையில் இருக்கிறது.

வாயிலிருந்து தொடங்குங்கள். கீமோவில் வாய்ப்புண் வழியாகக் கிருமி இரத்தத்துக்குப் போகிறது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, சாப்பிட்ட பிறகும் தூங்கும் முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். மென்மையான பல் துலக்கி போதும். வேப்பங்குச்சியும் உமிக்கரியும் இந்த மாதங்களில் வேண்டாம்.

அடுத்தது நடை. படுத்தே இருந்தால் சோர்வு குறையும் என்பது இயல்பான எண்ணம்தான், ஆனால் உண்மை அதற்கு நேர்மாறு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் புற்றுநோய்ச் சோர்வுக்கு வாரம் மூன்று நாள், 30 நிமிட மிதமான பயிற்சியைச் சொல்கிறது. மறதிக்கு அது அவ்வளவு உறுதியான சான்று சொல்லவில்லை. ஆனாலும் தூக்கத்துக்கும் சோர்வுக்கும் உதவுகிற ஒன்று தலைக்கும் உதவும் என்பதால் நாங்கள் இதை முதல் வரிசையில் வைக்கிறோம். முதல் வாரம் வீட்டுக்குள்ளோ மாடியிலோ காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும். அந்த வேகம் போதும். கீமோ ஏறிய மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஐந்து நிமிடமாகக் குறைத்தாலும் அடியோடு விடாதீர்கள். காய்ச்சல், நெஞ்சுவலி, தலைசுற்றல் இருந்தால் நடை வேண்டாம். ஹீமோகுளோபினோ தட்டணுக்களோ மிகவும் குறைந்திருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அறுவை சிகிச்சை நடந்த பக்கக் கைக்கு இயன்முறை மருத்துவர் சொன்னதை மட்டும் செய்யுங்கள்.

பகல் தூக்கம் மதியம் மூன்று மணிக்குள், அதிகபட்சம் 30 நிமிடம். காபி, டீ நண்பகலோடு சரி. எழும் நேரம் மட்டும் எந்த நாளும் மாறக் கூடாது. படுக்கும் நேரத்தைவிட அதுவே முக்கியம்.

சாப்பாட்டில் மஞ்சள் தூள் தாராளமாக இருக்கட்டும். ஆனால் குர்குமின் மாத்திரை வேண்டாம். மார்பகப் புற்றுநோயை வைத்துச் செய்த ஆய்வகச் சோதனைகளில் அது கீமோவின் செல் அழிக்கும் வேலையைத் தடுத்திருக்கிறது. வல்லாரையிலும் உணவு வேறு, மாத்திரை வேறு. துவையலாக எப்போதாவது சாப்பிடலாம். மாத்திரையாக, சூரணமாகத் தினமும் எடுத்தால் சிலருக்குக் கல்லீரல் பாதித்தது பதிவாகியிருக்கிறது. கீமோ மருந்துகளைக் கையாள வேண்டியதும் அந்தக் கல்லீரல்தான். வைட்டமின் சி, ஈ, பி12, இரும்பு மாத்திரைகளைக் கீமோ நடக்கும்போது நீங்களாகத் தொடங்காதீர்கள். அமெரிக்காவில் 2020இல் வெளியான ஒரு மார்பகப் புற்றுநோய் ஆய்வில், இவற்றைக் கீமோ காலத்தில் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடுதலாகத் தெரிந்தது. பரிசோதனையில் குறை தெரிந்து மருத்துவர் எழுதித் தந்தால் அது வேறு. நினைவாற்றலுக்கு என்று விற்கும் ஜிங்கோ பைலோபா மூலிகையைக் கீமோ எடுத்த பெண்களிடமே சோதித்துப் பார்த்து, பலனில்லை என்று கண்டிருக்கிறார்கள். அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கலாம்.

அன்றாடத்தைச் சமாளிக்க

ஏழு நாள் மாத்திரைப் பெட்டி வாங்கி, ஞாயிறன்று இன்னொருவர் முன்னிலையில் நிரப்புங்கள். 'போட்டேனா?' என்ற சந்தேகத்துக்குக் காலியான அறையே பதில். சாவி, கண்ணாடி, மருத்துவமனைக் கோப்பு மூன்றுக்கும் ஒரே இடம். அடுப்பைப் பற்றவைத்த கையோடு கைபேசியில் டைமர் வையுங்கள். அது அடிக்கும் வரை சமையலறையை விட்டு வெளியே வர வேண்டாம். ஓ.டி.பி. கேட்டு வரும் அழைப்புக்கு இந்த மாதங்களில் பதிலே சொல்லாதீர்கள். வீட்டில் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். 21 நாள் சுற்றில் மூன்றாம் வாரம்தான் பலருக்கும் தெளிவானது. கையெழுத்து, கணக்கு, அலுவலகத்தில் கடினமான வேலை எல்லாவற்றையும் அங்கே தள்ளுங்கள்.

மருத்துவர் சொன்னதைத் திருப்பி அவரிடமே சொல்லிக் காட்டுங்கள். தவறாகப் புரிந்தது அங்கேயே தெரிந்துவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'நேத்து சொன்னேனே, ஞாபகம் இல்லையா?' என்று சோதிக்காதீர்கள். அது பதற்றத்தைக் கூட்டும், பதற்றம் நினைவை இன்னும் குறைக்கும். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு செய்தியை மட்டும் சொல்லுங்கள்.

கீமோ முடிந்த பிறகு

பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தெளிவு திரும்புகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரை தொடங்குபவர்கள், தொடங்கிய தேதியை நோட்டில் குறியுங்கள். அதற்குப் பிறகு மாற்றம் வந்தால் பிரித்தறிய உதவும். ஆறு மாதமாகியும் வேலை தடைபட்டால் நரம்பியல்-உளவியல் மதிப்பீட்டுக்கு (நினைவு, கவனம், சிந்தனை வேகத்தை விரிவாக அளக்கும் பரிசோதனைக்கு) பரிந்துரை கேளுங்கள். பத்து நிமிடத்தில் முடியும், 30 மதிப்பெண் கொண்ட எம்.எம்.எஸ்.இ. பரிசோதனை போதாது. அது முதியோரின் மறதி நோய்க்காக வந்தது; இதில் 30க்கு 30 வாங்குபவரும் அலுவலகத்தில் திணறலாம். எம்.ஆர்.ஐ. சரியாக இருப்பதும் குறை இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. முழு மதிப்பீட்டுக்குச் சில மணி நேரம் ஆகும். முந்தைய இரவு நன்றாகத் தூங்கி, கண்ணாடியும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு, தெளிவாக இருக்கும் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.