அடுக்கு பாலிமர் சவ்வு வழியே அயனி கடப்பதை அளப்பது எப்படி?

நேர்மின்னும் எதிர்மின்னும் கொண்ட பாலிமர்களை மாறி மாறிப் படியவைத்துச் சவ்வு செய்யும் முறையை 1990களின் தொடக்கத்தில் வேதியியலாளர் கெரோ டெக்கர் குழுவினர் நிலைநாட்டினர். படலம் வளர்ப்பது எளிது. அதன் வழியே அயனி எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்று நம்பகமாகச் சொல்வதுதான் கடினம். அதற்கு முதல் வேலை, படலத்தைத் தாங்கும் தகட்டை, அதாவது தாங்கியை, எதுவும் பூசாமல் வெறுமனே அளந்து வைப்பது. இதைத் தவிர்த்தால் பின்னால் வரும் எண்களுக்குப் பொருளே இல்லை.

தாங்கியாக நுண்துளை அலுமினாத் தகடு நல்லது. தடிமன் சுமார் 60 மைக்ரோமீட்டர். ஒரு முகத்தில் துளைகள் 0.02 மைக்ரோமீட்டர், மறுமுகத்தில் 0.2. சிறு துளை முகத்தில்தான் பூச வேண்டும். பெரிய துளை முகத்தில் பூசினால் பாலிமர் துளைக்குள்ளேயே இறங்கிவிடும், மேலே மூடிய படலம் உருவாகாது. தகட்டை ஓ-வளையம் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உள்ள பிடிப்பானில் பொருத்தி, அந்த ஒரு முகம் மட்டும் கரைசலில் படும்படி வையுங்கள். கண்ணாடியைவிட எளிதில் நொறுங்கும். திருகுகளைக் குறுக்கெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கவும்.

கரைசல்கள் ஒவ்வொன்றும் 250 மில்லி. ஒன்றில் எதிர்மின் பாலிமரான பாலிஸ்டைரீன் சல்போனேட்டின் சோடியம் உப்பு 1.03 கிராம், இன்னொன்றில் நேர்மின் பாலிமரான பாலிஅல்லைலமீன் ஹைட்ரோகுளோரைடு 0.47 கிராம். இரண்டும் தொடர் அலகின், அதாவது சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் அலகின், கணக்கில் 0.02 மோலார். இரண்டிலும் 7.3 கிராம் சோடியம் குளோரைடு சேருங்கள், அது 0.5 மோலார். உப்பில்லாமல் பூசினால் பாலிமர்ச் சங்கிலி விறைத்து நீண்டு தட்டையாகப் படியும், படலம் மிக மெலிதாகும். உப்பு இருந்தால் சங்கிலி சுருண்டு அடுக்கு தடிக்கும். அமீன் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், சட்டென்று எடைபோடுங்கள். பி.எச். 4 முதல் 5 வரை இருக்கட்டும். அங்கே அலுமினாப் பரப்பு நேர்மின்னோடு இருப்பதால் சல்போனேட் முதலில் ஒட்டும்.

சல்போனேட்டில் 5 நிமிடம், அயனி நீக்கிய நீரில் 1 நிமிடம், அமீனில் 5 நிமிடம், மறுபடி 1 நிமிடம் நீர். இது ஓர் இரட்டை அடுக்கு, ஐந்து போதும். அலசலில் அவசரப்பட்டால் ஒரு கரைசல் மற்றதில் கலந்து வெண்மையாகக் கலங்கும், அந்தத் திரிகள் படலத்தில் ஒட்டி ஓட்டை விடும். கலங்கிய கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். இடையில் படலம் உலரக் கூடாது.

அளக்கும் கலத்தில் இரண்டு அறைகள், ஒவ்வொன்றும் 100 மில்லி. ஒன்றில் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு, மற்றதில் அயனி நீக்கிய நீர். படலம் உப்பறையைப் பார்க்கட்டும். இரண்டையும் ஒரே வேகத்தில் ஊற்றி மட்டத்தைச் சமமாக வையுங்கள். மட்டம் வேறுபட்டால் நீர் அழுத்தத்தால் ஓடி, பரவலோடு கலந்துவிடும். இரு பக்கமும் காந்தக் கலக்கி வேண்டும். வேகத்தைக் கூட்டியும் அளவு மாறாத நிலைதான் சரியான வேகம். நீரறையில் மின்கடத்துத்திறன் மானியை வைத்து 30 நிமிடத்துக்கு, நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவாருங்கள். வெப்பநிலை 1 டிகிரி ஏறினாலே கடத்துத்திறன் சுமார் 2 சதவீதம் கூடும். ஆகவே 25 டிகிரியில் நிறுத்துங்கள்.

ஒரு கணக்கு. கடத்துத்திறன் நிமிடத்துக்கு 6 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. ஏறுகிறது, திறந்த பரப்பு 2 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு 147 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. காட்டும். ஆக நிமிடத்துக்கு 0.0408 மில்லிமோலார். 100 மில்லிக்கும் பரப்புக்கும் கணக்கிட்டால் பாயம் (ஒரு சதுர செ.மீ. வழியே விநாடிக்குக் கடக்கும் அளவு) 3.4×10⁻⁸ மோல்/செ.மீ²/விநாடி. செறிவு வேறுபாட்டால், அதாவது 10⁻⁴ மோல்/செ.மீ³ஆல், வகுத்தால் ஊடுருவுதிறன் 3.4×10⁻⁴ செ.மீ./விநாடி.

இது படலத்தின் எண் இல்லை; படலமும் தாங்கியும் சேர்ந்தது. தடைகள் தொடராகக் கூடுபவை, எனவே தலைகீழ் மதிப்புகளைக் கழிக்க வேண்டும். வெறும் தாங்கி 7.5×10⁻⁴ தந்திருந்தால், 2941இலிருந்து 1333 போக 1608. படலத்தின் ஊடுருவுதிறன் 6.2×10⁻⁴. கழிக்காமல் விட்டிருந்தால் கிட்டத்தட்டப் பாதி மதிப்பையே படலத்துக்குச் சொல்லியிருப்போம்.

அடுத்து அதே சவ்வில் 0.1 மோலார் மெக்னீசியம் குளோரைடு. இதற்குத் தனி அளவுக்கோடு (செறிவுக்கு எவ்வளவு கடத்துத்திறன் என்று காட்டும் கோடு) வரையுங்கள், 147 இங்கே பொருந்தாது. மெக்னீசியம் அயனி இரட்டை மின்னூட்டம் கொண்டது, நீர்ப்போர்வையும் பெரிது. அமீனில் முடிந்த நேர்மின் மேற்பரப்பு அதைத் தள்ளும். இரு உப்புகளின் பாய விகிதத்தில்தான் சவ்வின் தரம் தெரியும். வெறும் நீரில் அவற்றின் பரவல் குணகங்கள் 1.99, 1.25 (×10⁻⁵ செ.மீ²/விநாடி), விகிதம் 1.6. ஐந்து அடுக்குக்குப் பிறகும் விகிதம் 1.6ஐ ஒட்டியே நின்றால் படலத்தில் ஓட்டை, அல்லது ஓ-வளையத்தில் கசிவு. முதலில் வளையத்தை மாற்றிப் பாருங்கள். மாறாவிட்டால் இன்னும் இரண்டு இரட்டை அடுக்கு பூசி மறுபடி அளக்கவும். எதிர்மின் அயனியான சல்பேட்டைத் தடுக்க விரும்பினால் இறுதியில் ஒரே ஒரு சல்போனேட் அடுக்கு கூடுதலாகப் போதும்.

உப்பை மாற்றும்போது இரு அறைகளையும் பலமுறை அலசி, அரைமணி நேரம் நீரில் ஊறவிடுங்கள். வெறும் நீரோடு 10 நிமிடம் ஓட்டிப் பார்க்கையில், காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைவதால் கடத்துத்திறன் 1 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. அளவுக்கு ஏறுவது இயல்பு. அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் முந்தைய உப்பு இன்னும் படலத்திலிருந்து வெளியேறுகிறது.