மனம் எதைச் சுட்டுகிறது? புதிதாகப் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

போன வாரம் ஒரு முதலாண்டு தத்துவ மாணவரின் கட்டுரையைத் திருத்தினேன். விஷயம் இன்டென்ஷனாலிட்டி, அதாவது மனநிலைகள் ஏதோ ஒன்றைப் பற்றியதாக இருக்கும் தன்மை. மூன்றாம் பக்கத்தில், இருபது வருடத்துக்கு முன் நானே எழுதியது போன்ற ஒரு வரி: ‘மனம் பார்ப்பது உலகை அல்ல, தனக்குள் இருக்கும் படத்தை.’ எரிச்சலாக வந்தது. பெயர், ஆண்டு மாறிப்போவதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். இது அப்படியில்லை.

படத்தைப் பொருள் என்று நினைப்பது

ஒவ்வொரு மன நிகழ்வும் ஏதோ ஒன்றைப் பற்றியதாக இருக்கிறது, அந்தப் பொருளைத் தனக்குள் கொண்டிருக்கிறது என்று தத்துவ அறிஞர் ஃபிரான்ஸ் பிரென்டானோ 1874-இல் எழுதினார். அந்த ‘தனக்குள்’ளைப் பிடித்துக்கொண்டு முதுகலை ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க எழுதினேன். வழிகாட்டி படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “சாவி தொலைஞ்சா எதைத் தேடுவீங்க?”

மனதில் உள்ள படத்தைத்தான் தேடுகிறேன் என்றால் தேடலே வேண்டாம், அது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறதே! அத்தியாயம் குப்பைக்குப் போனது, கூடவே ஆறு மாதமும்.

கயிற்றைப் பாம்பென்று நினைத்து அலறுகிறவர் பாம்புக்குத்தான் பயப்படுகிறார். பாம்பின் படத்துக்கு அல்ல. அங்கே பாம்பே இல்லை என்பது வேறு விஷயம். பிரென்டானோவின் மாணவர் ட்வார்டோவ்ஸ்கி 1894-இலேயே எண்ணத்தின் உள்ளடக்கம் வேறு, அதன் பொருள் வேறு என்று பிரித்துக் காட்டினார். விடிவெள்ளி, அந்திவெள்ளி என்று இரு விதமாக நினைக்கிறோம். நினைக்கப்படுவது வெள்ளிக் கோள் ஒன்றுதான். பிரென்டானோவின் இன்னொரு மாணவரான ஹுஸ்ஸெர்லும் 1900-01-இல், மனதுக்குள் படம் என்ற இந்தக் கதையைக் கடுமையாகத் தாக்கினார். ஒன்றைப் படமாகப் பார்க்கவே, அது வேறொன்றின் படம் என்று முதலில் மனம் எடுத்துக்கொள்ள வேண்டுமே. அப்புறம் படம் எதை விளக்குகிறது?

‘நோக்கம்’ என்று மொழிபெயர்ப்பது

இன்டென்ஷனாலிட்டி என்றதும் ‘என்ன செய்யப் போகிறோம்’ என்ற திட்டம் ஞாபகத்துக்கு வருகிறது. திட்டமிடுவது இதில் ஒரு வகை மட்டுமே. மழை பெய்கிறது என்று நம்புவதும் இதில் சேரும். மூலமான லத்தீன் சொல்லுக்கு வில்லை வளைத்துக் குறிவைப்பது என்ற பொருளும் உண்டு. ‘நோக்கு’ என்றால் ஓரளவு சரி, பார்வையும் அதில் இருக்கிறது.

‘இன்-எக்ஸிஸ்டென்ஸ்’

பிரென்டானோவின் அந்த ‘தனக்குள்’ளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் இது. பொருள் இல்லாமை அல்ல. உள்ளே இருத்தல்.

எல்லா மனநிலைக்கும் பொருள் உண்டு என்று அடித்துச் சொல்வது

பிரென்டானோ சொன்னார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் சியர்ல் 1983-இல் மறுத்தார்: எதைப் பற்றியும் இல்லாத பதற்றமும் உண்டு என்றார். தேர்வு முடிவு வருவதற்கு முந்தைய இரவை உதாரணமாகத் தராதீர்கள், அது தேர்வைப் பற்றியது.