வாடை கொண்டுவரும், தென்றல் இறக்கிவிடும்

டெக்சாஸில் உள்ள ஆஸ்டினுக்குக் குடிவந்த முதல் அக்டோபரில், தோட்டத்துக்கு வந்த மோனார்க் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணி "மோனார்க் 43" என்று நோட்டில் எழுதிவிட்டு, ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். மறு வருடம்தான் உறைத்தது, அதில் பாதிக்கு மேல் குவீன் என்கிற வேறு வண்ணத்துப்பூச்சி. அந்த அசட்டுத்தனத்தை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ராக்கி மலைக்குக் கிழக்கே, கனடாவின் தெற்கிலிருந்து கிளம்பி மெக்சிகோவுக்குப் போகிற மோனார்க் கூட்டத்தில் பெரும்பகுதி டெக்சாஸ் வழியாகத்தான் போகும். எங்கள் பக்கம் அக்டோபர் முழுக்கவும் நவம்பர் முதல் வாரமும் சீசன். எல்லோரும் "மில்க்வீட் வை, மில்க்வீட் வை" என்பார்கள். அது நம்மூர் எருக்கின் உறவு. மோனார்க் புழு அதைத் தவிர வேறெதையும் தின்னாது. ஆனால் இந்தப் பருவத்தில் தெற்கே போகிறவை பெரும்பாலும் முட்டையிடும் நிலையில் இருப்பதில்லை. மெக்சிகோவின் மிச்சோவகான் மலைகளில், ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில், ஒயமெல் என்கிற ஊசியிலை மரங்களைப் பற்றிக்கொண்டு மார்ச் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்கான கொழுப்பை வழியில் குடிக்கிற தேனிலிருந்துதான் சேர்க்கின்றன. ஆகவே அக்டோபரில் பூக்கிற செடிதான் உங்கள் முதல் தேவை.

என் ஓட்டு ஃப்ராஸ்ட்வீடுக்கு. பார்க்கக் களை மாதிரிதான் இருக்கும். ஆள் உயரம் வளர்ந்து, தலையில் அழுக்கு வெள்ளையாகக் கொத்துப் பூ. பின்வேலியோரம், மரநிழலில், தண்ணீர் அதிகம் கேட்காமல் வளர்ந்துவிடும். வெயில் இருக்கிற இடத்தில் நீல மிஸ்ட்ஃப்ளவர், கொஞ்சம் ஜின்னியா. போதும். கொசு மருந்து அடிக்கிற ஆளை இந்த ஒரு மாதம் மட்டுமாவது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் காற்று. வானிலைச் செய்தியில் "கோல்டு ஃப்ரண்ட்", அதாவது வடக்கிலிருந்து குளிர்காற்று வருகிறது என்று சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வாடை வீசும்போது மோனார்க்குகள் அதன் முதுகில் ஏறி வெகு உயரத்தில் போகும். இறக்கையை V போல லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டு, அடிக்காமலே மிதக்கும். பைனாகுலரில் பார்த்தால் ஆரஞ்சுத் துணுக்குகள். தோட்டத்தில் ஒன்றுகூட இல்லையே என்று அன்றைக்குச் சலித்துக்கொள்ளாதீர்கள். ஓரிரு நாளில் காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசும். எதிர்க்காற்றில் மல்லுக்கட்ட அவற்றுக்கு மனசில்லை. கீழே இறங்கிப் பூவில் உட்கார்ந்துவிடும். வாடை கொண்டுவரும், தென்றல் இறக்கிவிடும். நான் லீவு போடுவது தென்றல் நாளுக்குத்தான்.

சரி, குவீன் குழப்பம். குவீன் கருப்பட்டி நிறம். மோனார்க் நல்ல ஆரஞ்சு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், வெயில் ஏமாற்றும். இறக்கையை மூடியிருக்கும்போது குவீனுக்கும் பின்னிறக்கையில் கறுப்பு நரம்பு பளிச்சென்று தெரியும். நான் விழுந்த குழி அதுதான். விரிக்கும்வரை பொறுங்கள். மேற்பக்கம் முழுக்கக் கரிக்கோடு இழுத்த மாதிரி நரம்பு ஓடினால் மோனார்க். கோடில்லாமல் பழுப்பாக, ஓரத்தில் வெள்ளைப் பொட்டுகளோடு இருந்தால் குவீன். மோனார்க்கில், பின்னிறக்கை நரம்பு ஒன்றின்மேல் மிளகளவுக்குக் கறுப்புப் பொட்டு இருந்தால் ஆண். பெண்ணுக்குப் பொட்டு கிடையாது, நரம்புக்கோடு கொஞ்சம் தடிமன். அந்தப் பின்னிறக்கையில் வட்டமாகச் சின்ன ஸ்டிக்கர் தெரிந்தால் உடனே படம் எடுங்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் மோனார்க் வாட்ச் என்கிற அமைப்பு 1992 முதல் இந்த அடையாளம் ஒட்டும் வேலையை நடத்துகிறது. ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அவர்களுக்குத் தெரிவிக்கலாம். ஐந்து வருடத்தில் எனக்கு ஒன்றுகூடச் சிக்கவில்லை.

பொழுது சாயும்போது வீட்டுக்குள் போய்விடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பீக்கன் மரத்தில் ஒருநாள் காய்ந்த இலைக்கொத்து தொங்குவதாக நினைத்தேன். என் மகள்தான், "அப்பா, அந்த இலை மூச்சு விடுது" என்றாள். இறக்கையை மூடிக்கொண்டு முப்பது நாற்பது பேர் ஒரே கிளையில். மறுநாள் விடியலில் ஓடிப் பார்த்தோம். 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே அவற்றால் பறக்க முடிவதில்லை. வெயில் கிளையைத் தொட்டதும் ஒன்று விரித்தது, அப்புறம் பக்கத்தில் ஒன்று. அரை மணி நேரத்தில் கிளை காலி.

நோட்டில் தேதி, நேரம், காற்றுத் திசை, எந்தப் பூ, எத்தனை என்று எழுதினால் போதும். எண்ணிக்கையைவிடக் காற்றுத் திசைதான் பின்னால் உதவும்.

மில்க்வீட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மார்ச்சுக்கு. மெக்சிகோவில் குளிரைக் கழித்த அதே பூச்சிகள் வெளிறிக் கிழிந்த இறக்கையோடு வந்து, பெரும்பாலும் இலையின் அடியில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். நர்சரியில் வாங்கும்போது பூச்சிமருந்து அடித்ததா என்று கேளுங்கள். நான் கேட்காமல் வாங்கிய செடியில் ஏழு புழுக்கள் இரண்டே நாளில் செத்தன. புழுவிலும் ஆள்மாறாட்டம் உண்டு: உடலில் கறுப்புக் கொம்பு இரண்டு ஜோடி என்றால் மோனார்க், மூன்று ஜோடி என்றால் குவீன். சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற வெப்பமண்டல மில்க்வீட் உங்களிடம் இருந்தால், இலையுதிர்காலத்தில் அடியோடு வெட்டுங்கள். குளிரிலும் அது பட்டுப்போகாமல் நிற்பதால், மோனார்க்கைப் பிடிக்கிற ஓ.ஈ. என்கிற ஒட்டுண்ணி அதன் இலைகளில் சேர்ந்துகொண்டே போகும். வெட்டும்போது செடியின் பால் கண்ணில் படாமல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஃப்ராஸ்ட்வீடை மட்டும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். முதல் உறைபனி விழுகிற காலையில் அதன் தண்டு வெடித்து, உள்ளே இருந்த நீர் வெள்ளை ரிப்பன் மாதிரிச் சுருண்டு வெளியே வரும். எட்டு மணிக்குள் போய்ப் பாருங்கள், வெயில் ஏறினால் உருகிவிடும்.