புற்றுக்கட்டித் தரவில் பொய்க் கிருமிகள்

கிளிநொச்சியில் வீட்டிலிருந்தபடியே, பொதுவெளியில் கிடைக்கும் பெருங்குடல் புற்றுக்கட்டி மரபணுத் தரவில் பாக்டீரியாக்களைத் தேடினேன். டிஎன்ஏ துண்டுகள் எந்த உயிரியுடையவை எனக் கணிக்கும் கிராக்கன் மென்பொருள் தந்த பட்டியலில் ஆழ்கடல் நுண்ணுயிரிகள்கூட இருந்தன! குடலுக்குள் அவை எப்படி வரும்?

அந்தத் துண்டுகளைத் தனியே எடுத்து ஒப்பிட்டேன். பெரும்பாலானவை மனித டிஎன்ஏ. மனித டிஎன்ஏவை முதலில் வடிகட்டி நீக்க, ஒப்பீட்டுக்காக வைத்திருந்த பழைய மனித மரபணுத்தொகுதியில் இடைவெளிகள் உண்டு. அதனால் வடிகட்டலில் தப்பியவை பாக்டீரியாவாக எண்ணப்பட்டுவிட்டன. பாக்டீரியாத் தரவுத்தளங்களிலும் மனிதத் துண்டுகள் கலந்திருக்கின்றன. இத்தகைய பிழைகளால்தான் 2020இல் ‘நேச்சர்’ இதழில் புற்றுநோயில் நுண்ணுயிரிகள் பற்றி வந்த பெரிய ஆய்வுக் கட்டுரை 2024இல் மீளப்பெறப்பட்டது.

2022இல் வெளியான முழுமையான மனித மரபணுத்தொகுதியைக் கொண்டு மீண்டும் வடிகட்டினேன். கிராக்கன் தரவுத்தளத்திலும் மனிதனைச் சேர்த்தேன். களத்தில் நெல் தூற்றியதுபோல் பதர் பறந்தது. பெருங்குடல் புற்றுடன் தொடர்புடைய ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற பாக்டீரியா மணியாக நின்றது. ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவும் மிஞ்சியது, ஆய்வகக் கரைசல்களிலிருந்தே வரக்கூடியது என்பதால் அதை நீக்கிவிட்டேன்.