தெருவில் தங்கும் இளையோரை அணுகுவது எப்படி? களப்பணிக்குப் புதியவர்களுக்கு

போர்வையும் சாப்பாடும் கொடுத்துவிட்டு வருவதுதான் இந்த வேலை என்று எண்ணிப் பலர் வருகிறார்கள். பொருள் பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு, அவ்வளவுதான். பெரியவர்களிடம் ஏமாந்து பழகிய பிள்ளைகள், சொன்ன கிழமையில் சொன்ன நேரத்துக்கு வருகிற ஆளைத்தான் மெல்ல நம்புவார்கள். வாரம் ஐந்து நாள் என்று ஆரம்பித்து இரண்டாம் வாரமே நின்றுபோவதைவிட, ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு விடாமல் போங்கள்.

1. இடம் பார்ப்பது

பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை சும்மா நடந்து பாருங்கள். பெரியவர்கள் கூட்டமாகப் படுக்கும் இடங்களை இளையோர் பலர் தவிர்ப்பார்கள். அடி, திருட்டு, பாலியல் தொல்லை பற்றிய பயம். பேருந்து நிலையம், நூலகம், இலவச வைஃபை கிடைக்கும் மூலை, பிளக் பாயின்ட் உள்ள சுவரோரம் ஆகிய இடங்களில் தேடுங்கள். பார்வைக்கு மாணவர் போலத்தான் இருப்பார்கள். கழிவறைக்குப் போனாலும் பெரிய பையைத் தோளிலிருந்து இறக்காதது, கடைசி வண்டி போன பிறகும் போன் சார்ஜ் ஏறக் காத்திருப்பது போன்றவற்றைக் கவனியுங்கள்.

2. ஆளும் பையும்

இரண்டு பேராகப் போங்கள். தனியே போனால் ஆபத்து. நான்கு பேர் போனால் ரெய்டு மாதிரி தெரியும். போகும் வழியை அலுவலகத்தில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு, மணிக்கு ஒருமுறை தகவல் கொடுங்கள். கேமரா வேண்டாம்.

ஒருவருக்கு: அரை லிட்டர் தண்ணீர், இரண்டு ஜோடி சாக்ஸ், சோப்பு, நாப்கின், பிளாஸ்டர், மென்மையான உணவு (பல்வலி அதிகம்). சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். சாக்ஸை அலட்சியம் செய்யாதீர்கள்: ஈரத்திலேயே நாள்கணக்கில் ஊறும் பாதம், உறைபனி இல்லாவிட்டாலும் மரத்துப்போய்ப் புண்ணாகும். மூட்டை மூட்டையாகவும் கொடுக்காதீர்கள். அதுவே திருடனை வரவழைக்கும்.

3. முதல் பேச்சு

மூன்றடி தள்ளி, அவர் எழுந்து போகும் வழியை மறைக்காமல் நில்லுங்கள். உட்கார்ந்திருந்தால் நீங்களும் குந்துங்கள்.

“தம்பி, தண்ணி, சாக்ஸ் வெச்சிருக்கோம். வேணுமா?”

“வேணாம்.”

“சரிப்பா. வியாழக்கிழமை ஏழு மணிக்கு இங்கதான் இருப்போம்.”

இவ்வளவு போதும். “ஏன் வீட்டைவிட்டு வந்தே?” என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கதையைப் பலரிடம் சொல்லி அலுத்திருப்பார். சொன்னதால் நல்லது நடந்ததுமில்லை. “இன்னிக்கு ராத்திரி எங்க படுப்பீங்க? அங்க பயமில்லையா?” என்பதுதான் பயனுள்ள கேள்வி.

4. ரகசியத்தின் எல்லை

18 வயதுக்குக் குறைந்தவர் துன்புறுத்தப்படுவது தெரிந்தால், பல நாடுகளில் அதைத் தெரிவிப்பது சட்டக் கடமை. அவர் மனம் திறக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். அவர் கதையைக் கேட்டபின் சொன்னால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். 2017-இல் ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு வெளியிட்ட 21-ஆம் பொதுக் கருத்துரை, தெருவில் வாழும் குழந்தைகளை மீட்கவேண்டிய பொருளாகவோ குற்றவாளியாகவோ பார்க்காமல், உரிமை உள்ளவர்களாக நடத்தச் சொல்கிறது. அள்ளிக்கொண்டுபோய் விடுதியில் அடைப்பது நம் வேலையல்ல.

5. தங்குமிடத்தில் சேர்ப்பது

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். முகவரி எழுதிக் கொடுத்தால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இரவில் அவ்வளவு தூரம் போய், “இடமில்லை” என்று கதவடைக்கப்பட்டவர் அடுத்து உங்களிடம் வரமாட்டார். அவர் எதிரிலேயே போன் போட்டு நான்கு விஷயம் கேளுங்கள்: படுக்கை காலியா, வயது வரம்பு என்ன, எந்த ஆவணம் கேட்பார்கள், எத்தனை மணிக்குக் கதவு மூடும். சம்மதித்தால் வாசல்வரை கூடப் போங்கள்.

6. அவசரம் என்றால்

தூங்குபவரை எழுப்பாதீர்கள். ஆனால் மூச்சு மிக மெதுவாக, குறட்டை கலந்து வந்து, உதடு நீலமாக இருந்தால் அது தூக்கமல்ல. கூப்பிட்டும் அசையாவிட்டால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். பயிற்சி பெற்றவர் நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுக்கலாம். ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகைப் போதையை அது முறிக்கும். அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான், பிறகு மூச்சு மறுபடி அடங்கக்கூடும். அதனால் கண் திறந்தாலும் ஆம்புலன்ஸ் வரும்வரை விட்டுப் போகாதீர்கள்.

7. குறிப்பேடு

அவர் சொன்ன பெயர், தேதி, நீங்கள் ஒப்புக்கொண்டது: இவை மட்டும். படுக்கும் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம். சொந்த எண்ணும் கைக்காசும் கொடுக்காதீர்கள். அடுத்த முறை கிளம்பும்முன் முதலில் பார்க்கவேண்டியது அந்த மூன்றாவது வரி. கேட்ட செருப்பின் அளவு எட்டா ஒன்பதா என்பது அங்கேதான் இருக்கும்.